பால்மரக் காடும் நீர்வண்ணமும்

"இயற்கைக் காட்சி ஒன்று வரைக" என்றால் நம் மாணவர் பெரும்பாலோர் இரண்டு முக்கோண மலைகள், நடுவே கதிரவன், கீழே ஓர் ஆறு என்று வரைந்து தருவர். டுரியான் துங்கால் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளையும் அதையே வரைகிறான். சன்னலுக்கு வெளியே நிரைநிரையாய் நிற்கும் பால்மரம் அவன் தாளில் இடம்பெறுவதில்லை. இக்குறை பிள்ளையுடையதன்று, பார்க்கக் கற்பியாத நம்முடையது.

இதற்கு வழிகாட்டத் தக்கவர் வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் (1871-1951). இவர் கவி இரவீந்திரநாதருக்கு ஒன்றுவிட்ட தமையனாரின் மைந்தர். சிறுவருக்காகச் 'சகுந்தலை' (1895), 'கீரேர் புதுல்' (1896) முதலிய நூல்களை எழுதியவரும் இவரே. இவருடைய 'புடோ ஆங்லா' என்னும் கதையில், கட்டைவிரல் அளவாய்ச் சுருங்கிய சிறுவன் ஒருவன் வாத்துக்களுடன் பறந்து, தன் நாட்டைக் கண்ணாரக் காண்கிறான். சுவீடன் நாட்டுப் பள்ளிகளுக்காகச் செல்மா லாகர்லெவ் எழுதிய நில நூற்கதையைத் தழுவியது அது.

முதலில் ஆங்கில முறை நீர்வண்ணம் பயின்ற அவர், 1903இல் கல்கத்தா வந்த யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் சப்பானிய ஓவியர்கள் ஈரத் தூரிகையால் வண்ணத்தை மென்மையாக்குவதைக் கண்டார். பின்னர்த் தாள் முழுவதையுமே நீரில் அமிழ்த்தலானார். பூசிய வண்ணம் உலர்ந்தபின் தாளை நனைத்தால், மிகையான வண்ணம் கரைந்துபோகும். தாளில் ஊறியது நிற்கும். மீண்டும் பூசி, உலர்த்தி, நனைக்க, கோடுகளின் கூர்மை குறைந்து மூடுபனி தோன்றும். அவர் தீட்டிய ஷாஜாத்பூர் நிலக்காட்சிகளின் மென்மை இத்தகையதே. அவர் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார்.

விடியற்காலைப் பால்மரக் காட்டுக்கு இதனினும் பொருந்தும் முறை ஏது? தடித்த தாளும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். என் மாணவி ஒருத்தி முதல் மூன்று மரங்களை அழுத்தமாகத் தீட்டி, ஏனையவற்றை நீரில் கரையவிட்டாள். முன்னாளில் பால்மரம் சீவிய அவள் பாட்டி படத்தைப் பார்த்ததும், "இது நம்ம ஏழாம் நம்பர் காடு" என்றார். அடுத்த ஆண்டே அந்தக் காடு வெட்டப்பட்டது. இன்று அது அந்தத் தாளில் மட்டுமே இருக்கிறது.

தோட்டங்கள் மறைந்துவரும் இக்காலத்தில், ஆசிரியர்களே, முக்கோண மலைகளைச் சற்று ஒதுக்கிவைப்போம். ஒரு காலைப் பொழுதில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, முதலில் பார்க்கச் சொல்வோம், பிறகு வரையட்டும்.