குளியலறைக் கூரையில் பூஞ்சணம்

ஐப்பசியிலே வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் வன்னியின் குளங்கள் நிரம்பும். காலபோக வயல்கள் பசுமை கொள்ளும். அதே ஈரம் வீட்டினுள்ளும் ஒரு பயிரை வளர்க்கின்றது. விதைப்பாரின்றி முளைக்கும் அப்பயிரே பூஞ்சணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதி வீடுகளில் அது விரும்பித் தங்குமிடங்களுள் ஒன்று குளியலறைக் கூரையின் உட்புறமாகும்.

முன்னாளில் வன்னி மக்கள் கிணற்றடியிலும் குளத்திலுமே நீராடினர். 2009 இல் போர் முடிந்து, மக்கள் மீளக்குடியேறிய பின்னர் கல்வீடுகள் பெருகின. வீட்டோடு சேர்ந்த குளியலறைகளும் வந்தன. வெயிலும் காற்றும் உலர்த்திய நீரை இன்று நான்கு சுவர்கள் அடைத்து வைத்திருக்கின்றன.

பூஞ்சணம் என்பது பங்கசு வகையைச் சேர்ந்த உயிர். கண்ணுக்குப் புலப்படாத அதன் வித்திகள் காற்றிலே எங்கும் மிதக்கின்றன. அவற்றை முற்றாகத் தடுத்தல் இயலாது. ஆயினும், ஈரமின்றி அவை முளைப்பதில்லை. ஆகவே, பூஞ்சணத்தை ஒழிப்பதென்பது ஈரத்தை ஒழிப்பதேயாகும்.

கூரையில் தோன்றும் கறையெல்லாம் பூஞ்சணமன்று. சீமெந்திலிருந்து வெளிவரும் உப்பு வெண்பொடியாகப் பூக்கும். நீர் பட்டாற் கரையும். பூஞ்சணமோ கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகளாகத் தொடங்கிப் படரும்; புழுங்கிய நாற்றமும் வீசும். ஐயமிருப்பின், வெளிற்றும் திரவத்தை நீரிற் கலந்து ஒரு துளியைத் துணியில் எடுத்துக் கறையில் ஒற்றுக. சிறிது நேரத்தில் நிறம் வெளிறினால் அது பெரும்பாலும் பூஞ்சணம். மாறாதிருப்பின் புகைக்கரியாகவோ அழுக்காகவோ இருக்கலாம்.

அடுத்து, ஈரம் வரும் வழியை அறிதல் வேண்டும். மழைக்குப் பின் பழுப்பு வளையத்தோடு ஓரிடத்தில் மட்டும் கறை விரிந்தால், மேலிருந்து நீர் கசிகின்றது. கொங்கிறீற்றுத் தட்டின் நீர்த்துவாரத்தைச் சருகுகள் அடைத்திருக்கலாம், வெடிப்பும் இருக்கலாம். மூலைகளிலும் கூரை முழுவதிலும் புள்ளிகள் பரவினால், குளிக்கும்போது எழும் நீராவி குளிர்ந்த கூரையில் துளிகளாகப் படிகின்றதென்று கொள்க. நுளம்புக்கும் தூவானத்துக்கும் அஞ்சிக் காற்றுத்துவாரங்களைப் பொலித்தீனால் மூடுவதும், மாரியிலே ஈர உடைகளை உள்ளே காயவிடுவதும் இதனை மிகுவிக்கும். பொலித்தீனை அகற்றிக் கம்பிவலை பொருத்துதலே தக்கது.

வழியை அடைத்தபின் கறையைத் துடைக்கலாம். மூக்கையும் கண்ணையும் மறைத்து, கையுறை அணிந்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்கு உலரவிடுக. கறை எஞ்சினால், நான்கு லீற்றர் நீருக்குக் கால் லீற்றருக்கு மேற்படாமல் வெளிற்றும் திரவம் சேர்த்துப் பூசலாம். அப்போது கதவும் யன்னலும் திறந்திருத்தல் அவசியம். அத்திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ ஒருபோதும் கலத்தலாகாது. நச்சுவாயுவான குளோரின் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும். சீமெந்துப் பரப்பு உலர்ந்தபின் சுண்ணாம்பு அடித்தல் நன்று; அதன் காரத்தன்மை பூஞ்சணத்துக்கு ஒவ்வாதது. கறையின் மேலேயே வர்ணம் பூசினால், சில காலத்தில் அது மீண்டும் வெளிப்படும்.

அஸ்பெஸ்ரஸ் கூரையாயின் மிகுந்த எச்சரிக்கை தேவை. அதைச் சுரண்டுதலும், கம்பித் தூரிகையால் உரோஞ்சுதலும் கூடா. அவ்வாறு செய்தால் நுண்ணிய நார்கள் காற்றிற் கலந்து நுரையீரலைச் சேரும். அவை புற்றுநோயை விளைவிக்கவல்லன. ஈரத்துணியால் மெதுவாக ஒற்றியெடுத்தலே போதும்.

இது வெறும் அழகுபற்றிய காரியமன்று. ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த வீடுகளில் வாழ்வோருக்குச் சுவாசக் கோளாறுகளும் தொய்வு நோயும் கூடுதலாக ஏற்படக்கூடுமென உலகச் சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்துரைத்தது. பெரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டிலே குழந்தை இரவெல்லாம் இருமுவதைத் தடுக்க, பெருஞ்செலவு வேண்டியதில்லை. குளித்தபின் கதவைத் திறந்துவிடுதலும், மாரிக்கு முன் கூரையில் ஏறிச் சருகை அகற்றுதலும் பெரும்பகுதி வேலையை முடித்துவிடும்.