கவருக்கு நிறம் பூசலாம், பில்லைத் தொலைக்காதீர்கள்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கப் பலகை கண்ணாடியாக மாறியதிலிருந்து உள்ளே இருக்கும் எல்லாமே காட்சிப் பொருளாகிவிட்டன. மதர்போர்டின் பின்பக்க போர்ட்டுகளின் மேல் கவிந்திருக்கும் ஐ.ஓ. கவரும் தப்பவில்லை. வெள்ளை கேபினெட்டுக்குள் அது மட்டும் கறுப்பாக உறுத்துகிறது என்று பெயின்ட் அடிக்கிறார்கள், வினைல் ஒட்டுகிறார்கள், தங்கள் பெயர் பொறித்து 3டி பிரின்ட் எடுத்து மாட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள், அழகுபடுத்துவது அவரவர் விருப்பம். கோளாறெல்லாம் அதைச் செய்யும் விதத்திலும், பிறகு போர்டு பழுதாகும்போது நடந்துகொள்ளும் விதத்திலும்தான்.

திரும்பத் திரும்பக் காண்பவை மூன்று. ஒருவர் கவரைக் கழற்றச் சோம்பல்பட்டு, சுற்றிலும் செய்தித்தாளை ஒட்டிவிட்டு போர்டின் மேலேயே ஸ்ப்ரே அடிக்கிறார். இன்னொருவர் கவரோடு நிற்காமல், பின்னால் இருக்கும் உலோகத் தகட்டையும் இருபுறமும் பூசிவிடுகிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர். சில மாதம் கழித்து ரேம் ஸ்லாட் ஒன்று செத்துப்போகிறது. சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருப்பவர் "பெயின்ட் அடிச்சிருக்கீங்க, வாரன்டி கிடையாது" என்கிறார். இவரும் மறுபேச்சில்லாமல் போர்டைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். இந்தக் கட்டுரை முதல் இருவருக்கு எச்சரிக்கை. மூன்றாமவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் காகிதம் கையில் இருந்தால்தான்.

எது கவர், எது ஷீல்டு?

இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிச் சேதம் தொடங்குகிறது. இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, கேபினெட்டின் பின்னால் 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. உயரமும் உள்ள ஒரு திறப்பை வகுத்தது. அந்தத் திறப்பை அடைக்கும் மெல்லிய உலோகத் தகடுதான் ஐ.ஓ. ஷீல்டு. கேபினெட்டுக்கு உள்ளே, போர்ட்டுகளின் முதுகை மூடியிருப்பது ஐ.ஓ. கவர். இது பெரும்பாலும் பிளாஸ்டிக். அலங்காரம்தான் இதன் முதல் வேலை. சில போர்டுகளில் இதனடியில் வண்ண விளக்குக்கான ஒயரோ சிறு விசிறியோ இருக்கும்.

ஷீல்டின் உட்புறத்தில் வளைந்த சிறு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை போர்ட்டுகளின் உலோக ஓட்டைத் தொட்டு, கேபினெட்டோடு மின்தொடர்பை உண்டாக்குகின்றன. பென் டிரைவைச் செருகும்போது உங்கள் விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் போர்டுக்குள் புகாமல் கேபினெட் வழியாக இறங்குவதற்கும், மின்காந்த இரைச்சல் வெளியே கசியாமல் இருப்பதற்கும் இந்தத் தொடர்பு உதவுகிறது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. நாக்கின் மேல் பூசினால் தொடர்பு அறுந்துபோகும். பூசியே தீருவேன் என்பவர்கள் வெளியே தெரியும் முகத்தை மட்டும் பூசுங்கள். நாக்குகளையும், கேபினெட்டைத் தொடும் நான்கு விளிம்புகளையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது நாக்கு எதுவும் யு.எஸ்.பி. அல்லது லேன் போர்ட்டுக்குள் மடங்கி நுழைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். யு.எஸ்.பி. போர்ட்டில் 5 வோல்ட் ஓடுகிறது. உள்ளே நுழைந்த நாக்கு ஷார்ட் ஆக்கினால் போர்டே போய்விடலாம். அதற்கு எந்த வாரன்டியும் கிடையாது, எந்த நுகர்வோர் ஆணையமும் உதவாது.

கழற்றாமல் தொடாதீர்கள்

கவரின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் போர்டின் அடிப்பக்கத்திலிருந்து முடுக்கப்பட்டிருக்கும். அதனால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, நிலைமின் கைப்பட்டை அணிந்து கழற்றுங்கள். கவரைச் சட்டென்று இழுக்காதீர்கள். அடியில் விளக்கு ஒயரோ, வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய ஒயரோ சிக்கியிருக்கலாம்.

பெரும்பாலான கவர்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அசிட்டோனும் தின்னரும் அதை இளக்கிவிடும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். நைஸான உப்புத்தாள், பிளாஸ்டிக்குக்கான பிரைமர், மெல்லிய பூச்சுகளாகப் பெயின்ட், முழுதாகக் காயக் குறைந்தது ஒரு நாள். ஸ்ப்ரேயை அடுப்பறைக்குப் பக்கத்திலோ ஜன்னல் சாத்திய அறையிலோ அடிக்காதீர்கள். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது.

கவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹீட்சிங்கைப் பூசாதீர்கள். காற்றுத் துளைகளை வினைலால் அடைக்காதீர்கள். பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி அங்கேதான் இருக்கிறது, நன்றாகச் சுடும். 3டி பிரின்ட் கவர் செய்பவர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று பி.எல்.ஏ. இழையை வாங்குகிறார்கள். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. சுமார் 100 டிகிரி வரை தாங்கும். பளபளப்புக்காக அலுமினிய டேப் ஒட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு மூலை உரிந்து போர்டின் மேல் விழுந்தால் போதும்.

எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, உரித்தால் வந்துவிடும் வினைல். அதே மாடலின் செத்த போர்டு ஒன்று பழைய பொருள் கடையில் கிடைத்தால் அதன் கவரைப் பூசி மாட்டிக்கொண்டு, அசல் கவரைப் பெட்டியில் பத்திரப்படுத்துவது இன்னும் நல்லது.

தூரிகையைத் தொடுமுன் சேர்க்க வேண்டியவை

பில். முதலில் பில், கடைசியிலும் பில். சென்னை ரிச்சி தெருவானாலும் வேறெந்த ஊர்க் கடையானாலும், "பில் இல்லாமன்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்று சொல்வதும் அதற்குத் தலையாட்டுவதும் இன்னும் நடக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் போர்டின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கும்போது வரிச் சலுகைக்கு ஆசைப்பட்டு நிறுவனத்தின் பெயரில் பில் போடாதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 'நுகர்வோர்' அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதிடும். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

அடுத்து, பெட்டி. அழகாக அடுக்கி வைக்கச் சொல்லவில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுக்காகச் சொல்கிறேன். இறக்குமதியான பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. நாளை நோட்டீஸ் அனுப்ப அந்த முகவரிதான் வேண்டும். பிராசஸர் சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் எறியாதீர்கள். மூடியில்லாமல் போர்டைக் கொடுத்து, சாக்கெட்டில் ஒரு பின் வளைந்துபோனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

மூன்றாவது, படங்கள். போர்டின் முன்புறம், பின்புறம், சீரியல் ஸ்டிக்கர், சாக்கெட் பின்கள். கவரைக் கழற்றும் முன் ஒரு தொகுப்பு, பூசி மாட்டிய பின் இன்னொரு தொகுப்பு. சீரியல் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், அதன் மேல் பூசாதீர்கள். அது போனால் போர்டு உங்களுடையதுதான் என்பதற்கே ஆதாரம் போய்விடும்.

நான்காவது, பொறுமை. வாங்கிய முதல் மாதம் கவரைத் தொடவே வேண்டாம். பில்லில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிறவிக் குறையுள்ள போர்டு பெரும்பாலும் அந்த மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்திலேயே இருக்கட்டும்.

வாரன்டி அட்டையில் 'மாற்றம் செய்தால் பொருந்தாது' என்ற வரி இருக்கிறதா என்று வாங்கும்போதே படியுங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கரைப் பிரித்தாலும் வாரன்டி உண்டு, சட்டம் இருக்கிறது" என்று கவுன்டரில் வாதாடுகிறார்கள் சிலர். அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பேரில்தான் அங்குள்ள வணிக ஆணையம் 2024 ஜூலையில் ஏஸ்ராக், ஜிகாபைட், சோட்டாக் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. இங்கே அதைக் காட்டிப் பயனில்லை. நம் ஆயுதம் நுகர்வோர் சட்டம்தான்.

கவுன்டரில் மறுத்தால்

போர்டைக் கொடுக்கும்போதே ஜாப் ஷீட்டில் அதன் நிலையை எழுதச் சொல்லுங்கள்: "கவர் மட்டும் நிறம் மாற்றப்பட்டுள்ளது, போர்டில் உடைப்போ தீய்ந்த தடமோ இல்லை, சாக்கெட் பின்கள் நேராக உள்ளன." எழுத மறுத்தால் அவர்கள் முன்னாலேயே படம் எடுங்கள். பெயின்ட் அடித்தீர்களா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். இன்று பொய் சொல்லிவிட்டு நாளை ஆணையத்தில் பிரமாணப் பத்திரம் கொடுக்க முடியாது.

மறுப்பை வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். பெயின்டைப் பார்த்ததும் போர்டைச் சோதிக்காமலே தள்ளிவிடும் கவுன்டர்கள், அதைக் காகிதத்தில் ஒப்புக்கொள்ளுமா? அன்றே நிறுவனத்துக்கும் விற்ற கடைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்த மாடல், இந்த சீரியல் எண், இந்தத் தேதியில் வாங்கியது. ரேம் ஸ்லாட் வேலை செய்யவில்லை. கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கவர் நிறம் மாற்றப்பட்டதைக் காரணம் காட்டி இன்று உங்கள் மையம் வாரன்டியை மறுத்தது. அந்த நிறமாற்றம் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்று சோதனை அறிக்கையுடன் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." வழக்கின் உயிர் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உதவி மையத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும், அவ்வளவுதான். நிறுவனம் பழைய பல்லவியையே ஒரு வரியில் எழுதி அனுப்பினாலும் புகார் 'முடிந்தது' என்று காட்டப்படலாம். வெறுத்துப்போய் விட்டுவிடாதீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

கடை, இறக்குமதியாளர், நிறுவனத்தின் இந்தியக் கிளை மூவருக்கும் விரைவு அஞ்சலில் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் அனுப்புங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை டெல்லியில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காணொளியில் விசாரிக்கும்படியும் மனு கொடுக்கலாம். இணைக்க வேண்டியவை: பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட், முன்பின் படங்கள், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண், நோட்டீஸும் ஒப்புகையும், பிரமாணப் பத்திரம்.

மனுவில் ஒரு கோரிக்கையைத் தனியாக எழுதுங்கள்: பிரிவு 38இன் கீழ் போர்டை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. பெயின்ட்தான் பழுதுக்குக் காரணமா என்று சொல்ல வேண்டியது ஆய்வகம், கவுன்டர் அல்ல. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அறிக்கைக்கு 45 நாள், வழக்கை முடிக்க 3 மாதம், ஆய்வு இருந்தால் 5 மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா வாங்குவார்கள், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வென்றால் பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ விலையோ கிடைக்கும், இழப்பீடும் கேட்கலாம். பெயின்ட் உள்ளே வழிந்துதான் ஸ்லாட் போனது என்று அறிக்கை வந்தால் வழக்கு அதோடு முடிந்தது. அதற்காகத்தான் கழற்றாமல் பூசாதீர்கள் என்று திரும்பவும் சொல்கிறேன்.

கெடுவை மறக்காதீர்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே மறுப்புக் கிடைத்த தேதியைப் பில்லின் நகலிலேயே எழுதி வையுங்கள். வெயிலில் வெளிறிப்போகும் தெர்மல் காகிதப் பில்லாக இருந்தால், கவரைக் கழற்றும் முன் இன்றே ஒரு நகல் எடுங்கள்.