மயங்கியது கண்ணா, மனமா?

1945-ம் ஆண்டு மே மாதம். யுத்தம் ஓய்ந்த ஹாலந்து தேசத்தில் வான் மேகரன் என்ற சித்திரக்காரரைக் கைது செய்தார்கள். குற்றம் லேசானதல்ல. 17-ம் நூற்றாண்டு மேதை வெர்மீரின் அபூர்வச் சித்திரம் ஒன்று ஹிட்லரின் வலக்கையாக இருந்த கோரிங்கிடம் அகப்பட்டது. அது போன வழியைத் தேடினால், இவர் வீட்டு வாசலில் வந்து முடிந்தது. நாட்டின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்றவன் தேசத் துரோகி அல்லவா?

சில வாரங்கள் வாய் திறக்காதிருந்த மனிதர், பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அது வெர்மீர் வரைந்ததே அல்லவாம், இவரே வரைந்ததாம்! அது மட்டுமா? ராட்டர்டாம் மியூசியம் ஐந்து லட்சம் கில்டருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஏசுநாதர் சித்திரமும் தம் கைவேலைதான் என்றார். 1937-ல் பிரேடியஸ் என்ற பெரிய நிபுணரே வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று மெச்சிய சித்திரம் அது!

யார் நம்புவார்கள்? 'வரைந்து காட்டு' என்றார்கள். காவலர்கள் பார்த்திருக்க, புதிதாக ஒரு 'வெர்மீர்' உருவாயிற்று.

தந்திரம் இதுதான்: பழைய காலத்துப் படத்துணியைத் தேடி வாங்கினார். வர்ணத்தில் பேக்கலைட் செய்கிற ரசாயனத்தைக் கலந்தார். சித்திரத்தை அடுப்பில் வாட்டினார். உருட்டி வெடிப்பு விழச் செய்து, அதில் மையைத் தடவினார். முந்நூறு வருஷத்து முதுமை சில நாளில் வந்துவிட்டது!

ஆனால் நிபுணர்களை ஏமாற்றியது அடுப்பு மட்டுமல்ல, அவர்களுடைய ஆசையும்தான். வெர்மீர் சமயச் சித்திரங்கள் இன்னும் சில வரைந்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்திருந்தார்கள். தேடியது கிடைத்ததும் சந்தேகம் ஓடிப்போயிற்று.

விஞ்ஞானிகள் சோதித்துப் போலியென்று உறுதி செய்தார்கள். துரோகி என்ற பழி நீங்கியது. மோசடிக்காக 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதை அனுபவிக்குமுன், டிசம்பர் 30-ல் மாரடைப்பால் இறந்துபோனார்.

கோடு மாறவில்லை, வர்ணம் மாறவில்லை. பெயர் மாறியதும் அழகும் போயிற்று! நாத்தனார் கழுத்தில் கண்டு வியந்த அட்டிகை கில்ட் என்று தெரிந்ததும் நம் முகம் சுருங்குகிறதே, அந்த மாதிரி. முதலில் நாம் ரசித்தது அட்டிகையையா, தங்கம் என்ற பெயரையா? நிஜத்துக்கும் ஒரு மதிப்பு உண்டுதான். ஆனாலும், அந்தக் கேள்வியை ஒரு தரம் நம்மையே கேட்டுப் பார்த்தால் நல்லது!