அச்சுக்கூலியும் வானியலும்

சிறுபத்திரிகை நடத்திக் கைகளைச் சுட்டுக்கொண்ட நண்பர் ஒருவரிடம், நாகர்கோவில் டீக்கடையில் வானியற்பியல் ஆய்விதழ்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சட்டென்று கேட்டார்: ‘எழுதுறவனே பைசா குடுக்கணுமாவே? நாம கூட அப்பிடிச் செய்யலியே.’

நாம் எழுதுபவனுக்குச் சன்மானம் தருவதில்லை, அச்சுக்கூலியும் கேட்பதில்லை. ஆய்விதழ்களின் பொருளாதாரம் வேறு. 1917இல் கல்கத்தாவிலிருந்து மேகநாத் சாகா, ஒளியின் அழுத்தம் அணுக்களின்மீது தேர்ந்து செயல்படுவது குறித்த நீண்ட கட்டுரையொன்றை அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலு’க்கு அனுப்பினார். கட்டுரை நீளம், அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்றால் போடலாம் என்று பதில் வந்தது. தொகை மூன்றிலக்க டாலர். இளம் விரிவுரையாளருக்கு அது கட்டுப்படியாகவில்லை. கட்டுரை பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழக இதழில் வெளிவந்தது. வெளியுலகில் அதைப் படிக்க ஆளில்லை. கட்டுரை தவறென்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவை வடிகட்டுவது மதிப்பீட்டாளரின் பேனா மட்டுமல்ல, அச்சகத்தின் பில்லும்தான்.

அதே இதழுக்கு 1952 முதல் 1971 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் ஆசிரியராக இருந்தார். தமிழன் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பக்கக் கட்டணம் அவர் காலத்திலும் இருந்தது. நாற்காலியில் ஆள் மாறுவது வேறு, அமைப்பு மாறுவது வேறு.

இன்று? அந்த இதழ் 2022இலும், 1827 முதல் வெளிவரும் லண்டன் ‘மந்த்லி நோட்டீசஸ்’ 2024இலும் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிடப்பட்டன. நல்ல காரியம். ஆனால் சந்தாவாக வாசகன் தந்த பணம் இப்போது எழுதுபவன் தலையில். லண்டன் இதழில் ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். சலுகைகள் உண்டுதான், சலுகை என்பது கேட்டு நிற்க வேண்டிய ஒன்று. தொலைநோக்கி மக்கள் பணத்தில், ஆய்வாளர் சம்பளம் மக்கள் பணத்தில், மதிப்பீட்டாளர் உழைப்பு இலவசம். பிறகும் எதற்கு இந்தப் பில்?

மாற்று இல்லாமலில்லை. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ தளத்தில் கட்டுரை போடவும் காசில்லை, படிக்கவும் காசில்லை. வானியலாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் வாசிக்கிறார்கள். ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கேட்கப்படுவது இதழின் பெயர். அதிகாரம் ஒளிந்திருப்பது தாளில் அல்ல, அந்தப் பெயரில்.

1980இல் இந்திய அறிவியல் அகாடமி பெங்களூரிலிருந்து வானியற்பியலுக்கென்று ஓர் இதழ் தொடங்கியது. சாகாவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், நமக்கென்று இதழ் இருந்தால் மட்டும் போதாது. அதில் வருவதை நாம் முதலில் படிக்க வேண்டும், மதிக்க வேண்டும். இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார்: ‘அது நம்ம கதைதானேவே.’