சக்கரத்துக் காற்று எங்கே போகிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சைக்கிள் டயரில் அடைத்த காற்று ஏன் குறைகிறது, அதை எப்படிப் பேணுவது என்பதே அது. இதற்கு ஒரு வானொலி உரையா என்று சிலர் எண்ணலாம். ஆனால், இந்தச் சிறிய பொருளால் எங்கள் தோட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

2011-ஆம் ஆண்டில் நடந்தது இது. எங்கள் பள்ளியில் படித்து முடித்து, டவுனில் இரண்டாம் படிவம் பயின்றுகொண்டிருந்த ஒரு பையனுக்கு, அவனுடைய மாமா தாம் ஓட்டிய பழைய பந்தய சைக்கிளைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வந்து காற்றடித்துக் கொடுப்பார். வியாழன், வெள்ளிக்குள் இரண்டு சக்கரமும் தொய்ந்துவிடும். டயரில் முள் இல்லை, ஆணி இல்லை. ஆகவே, பக்கத்து வீட்டுப் பையன்தான் பொறாமையால் இரவில் காற்றைப் பிடுங்கிவிடுகிறான் என்று இவன் முடிவு கட்டினான். பிள்ளைகள் சண்டை பெரியவர்கள் சண்டையாயிற்று. ஒரே நிரையில் பால் வெட்டிய இரண்டு தாய்மார்கள், குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பழி சுமந்த பையனும் எங்கள் மாணவனே. "நான் தொடவே இல்லை சார்" என்று அவன் சொன்னபோது அவன் கண் கலங்கியது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். விசாரித்துப் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

டவுன் சைக்கிள் கடையிலிருந்து அழுத்தம் காட்டும் பம்பு ஒன்றை இரவல் வாங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அந்தச் சக்கரங்கள் இரண்டிலும் 100 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடைத்தோம். பக்கத்திலேயே, மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதைப் போன்ற வால்வு பொருத்திய சாதாரண சைக்கிள் சக்கரம் ஒன்றில் 45 பவுண்டு அடைத்தோம். மூன்றையும் பள்ளிப் பொருள் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எங்களிடமே வைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பையன்களையும் அருகில் நிறுத்திக் கதவைத் திறந்தோம். பந்தயச் சக்கரம் ஒன்றில் 62, மற்றதில் 64. சாதாரணச் சக்கரத்தில் ஒரு பவுண்டு அளவே குறைந்திருந்தது. பூட்டிய அறைக்குள் திருடன் வரவில்லை. அப்படியானால் காற்று எங்கே போயிற்று?

நேயர்களே, விடை நம் பால் வாளியில்தான் இருக்கிறது.

பந்தய சைக்கிளில் பூட்டும் ஒருவகை டயர், சாதாரண டயரைப் போன்றதன்று. மெல்லிய டியூபை உள்ளே வைத்து, டயரின் துணியைச் சுற்றிலும் மூடித் தைத்து, முழுவதையும் ஒரு குழாய்போல ஆக்கிவிடுவார்கள். அதைப் பசை தடவி ரிம்மில் ஒட்டுவார்கள். இதை ஒட்டு டயர் என்று அழைப்போம். இந்த டயர்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் டியூப், மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலைக் கெட்டியாக்கிப் பதப்படுத்திச் செய்வது. அது மெலிந்தது, நன்றாக வளைந்து கொடுப்பது. ஆதலால் சக்கரம் இலகுவாக உருளும். பந்தய வீரர்கள் அதை விரும்புவது அதனால்தான்.

ஆனால், இயற்கை ரப்பரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. அந்த அசைவின் இடுக்குகளில் காற்றின் அணுத்திரள்கள் மெல்ல மெல்ல ஊடுருவி வெளியேறுகின்றன. ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீரில் அமிழ்த்தினாலும் ஓட்டை டியூபைப் போலக் குமிழி வரிசை எழும்பாது. பிள்ளைகள் ஊதிக் கட்டிய பலூன் மறுநாள் சுருங்கிப் போவதும் இதனால்தான்.

சாதாரண டியூபுகள் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. இது 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் இழைகள் நெருக்கமாக அடைந்து கிடப்பதால், இயற்கை ரப்பர் விடும் காற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே இது வெளியே விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 100 பவுண்டு அழுத்தம் என்றால், ஒவ்வொரு சதுர அங்குல இடத்தையும் ஏறக்குறைய 45 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். தள்ளும் வேகம் கூடக்கூட, வெளியேறும் காற்றும் கூடும். ஒடுங்கிய டயரில் அடங்கும் காற்றோ கொஞ்சம். கொஞ்சத்தில் சிறிது போனாலும் இழப்பு பெரிதாகத் தெரியும்.

அப்படியானால் இயல்பான இழப்பையும் பழுதையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கினால் அது ரப்பரின் இயல்பு. ஒன்று மட்டும் விரைந்து இறங்கினால் அது பழுது. சாதாரண டியூப் ஓர் இரவில் தொய்ந்துவிட்டால் அதுவும் பழுதே. முதலில் வால்வு வாயில் சிறிது எச்சில் அல்லது சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் குற்றம் வால்வில். பழைய முறை வால்வுகளில் உள்ளே மாட்டும் சிறு ரப்பர்க் குழல் நாளடைவில் வெடித்துப்போகும். அதை மாற்றச் சில காசுகளே ஆகும்.

இனி, ஒட்டு டயரைப் பேணும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, ஒவ்வொரு முறை ஓட்டுமுன்னும் காற்றடைக்க வேண்டும். வால்வின் நுனியில் உள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டு அடைத்து, பின் மறவாமல் இறுக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

இரண்டாவது, வெயிலில் நிறுத்தக்கூடாது. 27 டிகிரியில் அடைத்த காற்று 57 டிகிரிக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். வெயில் ரப்பரையும் வெடிக்கச் செய்யும். எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் மூன்றும் ரப்பருக்குப் பகை; அவை பட்டால் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும்.

மூன்றாவதே உயிரைக் காப்பது. மாதம் ஒருமுறை காற்றை இறக்கிவிட்டு, இரண்டு கட்டை விரல்களாலும் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ரிம்மை விட்டு எழும்பினால் பசை செத்துவிட்டது என்று அறிக. அந்த நிலையில் வளைவில் திரும்பினால் டயர் கழன்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ரிம்மையும் டயரின் அடிநாடாவையும் சுத்தம் செய்து, மெல்லிய பூச்சுகளாகப் பசை தடவி, உலரவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் சைக்கிளைத் தொடாதீர்கள். மலைச் சரிவில் ஓயாமல் பிரேக் பிடித்தால் ரிம் சூடேறிப் பசை இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது, முள் குத்தினால், அந்த இடத்தில் மட்டும் தையலைப் பிரித்து, பழைய பால் டியூபிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி, ஊசி டியூபில் படாமல் மீண்டும் தைக்க வேண்டும். சிறு துளையாயின், வால்வு வழியே அடைப்புத் திரவம் ஊற்றலாம். அந்தத் திரவங்கள் பல, அமோனியா கலந்த ரப்பர் பாலே! பால் உறையாதிருக்க நாம் அமோனியா சேர்க்கிறோம் அல்லவா? அதே பால் துளையில் வந்து உறைந்து வழியை அடைத்துவிடுகிறது.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகள் இருபத்திரண்டு. 1888-இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்று டயருக்கு உரிமை பதிந்தார். அந்தக் கன்றும் இந்தச் சக்கரமும் சேர்ந்துதான் நம் முன்னோரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தன. பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும், பாலின் குணம் நம் வீட்டாருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் அன்று அந்த இரண்டு பையன்களுக்கும் விளக்கினோம். சைக்கிள்காரப் பையன் நெடுநேரம் தலை குனிந்து நின்றான். பிறகு மற்றவனைப் பார்த்து, "மன்னிச்சிடுடா. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வர்றியா?" என்றான். "முதல்ல காத்தடி" என்றான் மற்றவன்.

குழாயடியில் தாய்மார்கள் பேசிக்கொள்ள இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. பெரியவர்களுக்குச் சற்றுக் காலம் வேண்டியிருக்கிறது. காற்று இறங்கினால் மீண்டும் அடைத்துவிடலாம். பிள்ளைமேல் வீணாகச் சுமத்திய பழியை இறக்குவது அத்தனை எளிதன்று. ஆகவே, யார்மீதும் ஐயம் கொள்ளுமுன் சக்கரத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.