காலி ஸிலிண்டரும் கொல்லுப்பட்டறையும்

பழம் பொருளை வீணாக்காது மறு உபயோகத்திற்குக் கொண்டுவருதல் நமது குடியானவர்களிடம் இயல்பாக அமைந்த நற்குணம். லாரியின் உடைந்த வில்பட்டை அரிவாளாகவும், எண்ணெய்ப் பீப்பாய் மாட்டுத் தொட்டியாகவும் மாறுதலை எங்கும் காணலாம். ஆயினும் ஒரு பொருளின் விஷயத்தில் இக்குணமே உயிருக்கு உலை வைக்கக்கூடும். அப்பொருள் சமையல் வாயு ஸிலிண்டராகும்.

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில், தென்னந்தோப்பு உடைய குடியானவர் ஒருவர், நெடுநாளாக மூலையில் கிடந்த ஸிலிண்டர் ஒன்றைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுவந்து, சிரட்டையும் மட்டையும் எரிக்கத்தக்க அடுப்பாக அறுத்துத் தருமாறு கேட்டார். "வால்வின் ஊசியை அழுத்திப் பார்த்துவிட்டேன் ஐயா, சத்தமே வரவில்லை. காலிதானே?" என்பது அவர் வாதம். வெட்டும் சக்கரம் சுழலுமுன் நான் அவ்விடம் செல்ல நேர்ந்தது நல்லதாயிற்று. அன்று அவருக்குக் கூறியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காலியென்பது காலியன்று

வீட்டு ஸிலிண்டரில் நிரப்பப்படும் வாயு 14.2 கிலோ, அதன் உட்கொள்ளளவோ சுமார் 33 லிட்டர். சத்தம் நின்றுவிட்டது என்பதன் பொருள், உள்ளேயுள்ள அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாகிவிட்டன என்பதே. அப்பொழுதும் ஸிலிண்டர் முழுவதும் எரிவாயுவின் ஆவியே நிரம்பியிருக்கும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலேயுள்ள சிறு துவாரத்தின் வழியே எளிதில் வெளியேறாது.

காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். அக்கணக்கின்படி 33 லிட்டர் ஆவி சுமார் 1,650 லிட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்க வல்லது. அன்றியும், அடியில் தங்கும் எண்ணெய்ப் பிசுக்கு, அறுக்கும் சூட்டில் மீண்டும் ஆவியாகும். சிவகாசிக்கு அருகில் வாழும் நமக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நீர் நிரப்பி அறுத்தால் பயமில்லையென்று சிலர் கூறுவர். நீர் நிரப்புவதற்கு முதலில் வால்வைக் கழற்றவேண்டும். அதுவே அபாயகரமான வேலை. பட்டறையில் செய்யத்தக்கதன்று.

சட்டம் கூறுவது

ஸிலிண்டர் நமது சொத்தன்று. எண்ணெய்க் கம்பெனிக்கு உரியது. நாம் கட்டியது காப்புத்தொகை மாத்திரமே. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டு வாயு ஸிலிண்டர் விதிகளின்படி, சோதனையில் தேறாத ஸிலிண்டர் மறுபடி உருளையாக இணைக்க இயலாதபடி நசுக்கியோ துண்டுகளாக வெட்டியோ அழிக்கப்படல் வேண்டும். மறுசோதனைக்குரிய காலம் ஸிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஏ, பி, ஸி, டி என்னும் எழுத்துக்கள் வருஷத்தின் நான்கு காலாண்டுகளையும், அருகிலுள்ள எண் வருஷத்தையும் குறிக்கும்.

ஆகவே பழைய ஸிலிண்டரை, பிளாஸ்டிக் மூடியிட்டு நிமிர்த்தி வைத்து, ஏஜன்ஸியில் ஒப்படைப்பதே முறை. பத்திரங்கள் இருப்பின் காப்புத்தொகையும் திரும்பக் கிடைக்கும். வாசனை வீசினால் திறந்த வெளிக்குக் கொண்டு செல்க. மின் விசையைத் தொடாதீர். 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவும்.

பட்டறைகளில் காணப்படும் அஸிட்டிலீன் ஸிலிண்டரையும் ஒருபொழுதும் அறுக்கலாகாது. அதனுள் நுண்துளைப் பொருளும், அதில் ஊறிய அஸிட்டோன் என்னும் எரிதிரவமும் உள்ளன. பூச்சிமருந்துப் பீப்பாய்களையும் எவ்வுபயோகத்திற்கும் கொள்ளற்க. டீஸல், பெட்ரோல் பீப்பாய்களும் காலியானபின் ஆவியைத் தாங்கியிருக்குமாதலால், அவற்றின் அருகில் நெருப்பும் வெல்டிங்கும் ஆகா.

அடுப்புக்கு வேறு வழி

அடுப்புக்குத் தடித்த இரும்பே வேண்டுமெனில், ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து கழித்த 8 அங்குல இரும்புக் குழாய் உத்தமம். அதில் ஒன்றரை அடித் துண்டு போதும். இரு முனையும் திறந்திருப்பதால் உள்ளே பார்த்துக் கழுவிவிடலாம், எதுவும் மறைந்திராது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துளையிட்ட தகட்டைப் பொருத்தி, அதன் கீழே காற்றுவாயும் மேலே விறகிடும் வாயும் விட்டு, மூன்று கால் வைத்தால் அடுப்பாகும்.

குழாயில் துத்தநாகப் பூச்சிருந்தால், வெல்டிங் வைக்கும் இடங்களில் முன்னதாக அதனைத் தேய்த்தெடுத்தல் வேண்டும். அப்புகையைச் சுவாசித்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் காணும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். சிரட்டைக் கரி அடுப்பை மூடிய அறையில் எரித்தலாகாது. நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு அதிலிருந்து உண்டாகும்.

புதுப்பட்டிக் குடியானவரின் ஸிலிண்டர் மறுநாளே ஏஜன்ஸிக்குச் சென்றது. அவர் தோப்பில் இப்பொழுது எரிவது குழாய் அடுப்பு. பழம் இரும்பு எதுவாயினும், "இதனுள் முன்னே இருந்தது யாது?" என்று கேட்டபின் பட்டறைக்குக் கொண்டு செல்க. விடை தெரியாத இரும்பின்மேல் உளியையும் வைக்கவேண்டாம்.