போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் நிற்குமா?

கைதானவர் போலீசாரிடம் ‘பரபரப்பு வாக்குமூலம்’ கொடுத்தார் என்று செய்தி வந்தால், குற்றம் உறுதியாகிவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் பேச்சை வைத்து, வழக்கமான குற்ற வழக்கில் யாரையும் தண்டிக்க முடியாது. இந்த விதி ஏன் வேண்டும் என்பதற்குச் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததே சான்று.

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள். விசாரிக்கப் போன மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் வைக்கப்பட்டார். மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு, இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23-ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்.

தரையில் உருண்டு புரண்டதால் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். 19-ஆம் தேதி இரவு ஸ்டேஷனில் நடந்த அடியைத் தலைமைக் காவலர் ரேவதி அவரிடம் சாட்சியமாகச் சொன்னார். பிறகு சிபிஐ, காவலர்கள்மீது கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

உடம்பில் இருக்கும் காயத்துக்கே வேறு காரணம் எழுத முடிகிற இடத்தில், ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவதா கடினம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் இந்த ஆபத்தை அன்றே உணர்ந்திருந்தன. 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லாவிட்டால் அதுவும் செல்லாது.

மாஜிஸ்திரேட்டிடம் தரும் வாக்குமூலம் செல்லும். ஆனால், ‘நீ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம்’ என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால், அந்த மனிதரை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது.

எங்கே ஓட்டை?

காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். ‘கூரையில் கத்தியை ஒளித்திருக்கிறேன்’ என்பது செல்லும். ‘அதைக் கொண்டுதான் குத்தினேன்’ என்பது செல்லாது. சுதந்திரத்துக்குச் சற்று முன், புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த எல்லை இது. ஸ்டேஷனில் அடிக்கும் ஆசை மிஞ்சியிருப்பது இந்த வாசலில்தான். ஆகவே, கைப்பற்றல் மகஜரையும் அதில் கையெழுத்திட்ட சாட்சிகளையும் கோர்ட்டு கூர்ந்து பார்க்க வேண்டும்.

சிறப்புச் சட்டங்கள் இந்த விதியையே தளர்த்தியதும் உண்டு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா, எஸ்.பி. பதவியிலுள்ள அதிகாரி பதிவு செய்த ஒப்புதலை ஏற்றது. அந்தச் சட்டத்தின்கீழ் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் சொன்னதைத் தாம் முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்று, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே பின்னர் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022-இல்.

நமக்குத் தெரிய வேண்டியவை

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடித்திருந்தால், மருத்துவப் பரிசோதனையிலும் ரிமாண்டின்போதும் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளக் கேளுங்கள்.

இந்த விதி குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை அல்ல. அடித்து வாங்கிய ஒப்புதலோடு வழக்கை முடித்தால், உண்மையாகக் குற்றம் செய்தவன் வெளியே நடமாடுவான். ரிமாண்டுக்கு வருபவரை மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, ‘அடித்தார்களா?’ என்று கேட்டால்தான் 23-ஆம் பிரிவுக்கு உயிர் உண்டு.